11,400 ரூபாய்க்கு ஒரு பூச்சு சில்வர் பெயின்ட்

இதை உடுமலைப்பேட்டையில் ஒரு பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே என் டீசல் பிக்கப் பானெட்டைத் திறந்துபோட்டு நிற்கிறது. 11,400 ரூபாய் கொடுத்து எஞ்சின் முன்பக்க பெல்ட் மாற்றி இன்றோடு 6 நாள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவன் நான். போன வாரம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கிரீச்சென்று கத்தத் தொடங்கியது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை. பைபாஸ் ஓரம், எல்லா நிறுவன வண்டிகளையும் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். டைல்ஸ் தரை, கண்ணாடி அறை, காத்திருப்பவர்களுக்கு டிவி. பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள், போடவில்லை.

அந்தப் பட்டறைக்காரர் என்னை எப்படி நம்ப வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் அடங்கவில்லை, இன்னும் கூடியது. “அண்ணே, தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கிவிட்டு மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரம், அதாவது புல்லி, நேராக இல்லை என்று அர்த்தம். கூடினால் இறுக்கம் போதவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இருக்கிறதே, உங்கள் டென்ஷனரில் ஸ்பிரிங் செத்துவிட்டது” என்றார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே மடித்து, நீளவாக்கில் ஓடும் வரிகளுக்குக் குறுக்கே ஓடிய வெடிப்பை நகத்தால் கீறிக் காட்டினார். “இதை நம்பி பாலக்காடு போவீர்களா?” இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இவ்வளவு பொறுமையாக எவரும் எனக்கு விளக்கியதில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். ஹாலோகிராம் ஒட்டிய புது டென்ஷனர் பெட்டியை என் கையிலேயே கொடுத்தார். டீ வரவழைத்தார். கண்ணாடி அறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு அந்த டீயைக் குடித்தேன், மடையன்.

பெல்ட் 1,900, டென்ஷனர் 5,200, ஐட்லர் புல்லி 1,800, கூலன்ட் 1,000, கூலி 1,500. ஆக 11,400 ரூபாய். பழைய சாமான்களைக் கேட்டேன். “காயலான் கடைக்காரர் இப்போதுதான் அள்ளிக்கொண்டு போனார் அண்ணே.” பில் கேட்டேன். கம்ப்யூட்டர் பழுதாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். போனில் அனுப்பிய பணம் யாரோ ஒரு பெண்ணின் கணக்கில் போய் விழுந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

நேற்று இரவு, 60 பெட்டி தக்காளியோடு உடுமலையைத் தாண்டியதும் முன்னால் பட்பட்டென்று சாட்டையால் அடிப்பது போல் சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்டீயரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. ஒரே பெல்ட்தானே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் மூன்றையும் சுற்றுகிறது! என் வண்டியில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப்பும் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. இரண்டு முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிட்டது. டீசல் எஞ்சின் பெல்ட் அறுந்த உடனே நின்றுவிடாது, தண்ணீர் சுற்றாமலே ஓடிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் நான்கு கிலோமீட்டர் போயிருந்தால் எஞ்சின் சூடேறி, அதன் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். வெப்பமுள் ஏறத் தொடங்கியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் புளியமரத்தடியில் நிறுத்தி அணைத்தேன்.

காலையில் இங்குள்ள பெரியவர் பார்த்தார். பெல்ட்டில் ஒரு வரி முழுதாக உரிந்து, நூல் நூலாகக் கிராங்க் புல்லியில் சுற்றிக் கிடந்தது. ரப்பரெல்லாம் பிசுபிசுப்பு. சத்தத்தை அடக்க ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். சரியான பெல்ட்டை வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார். பெல்ட்டின் முதுகில் 6 பிகே என்று இருந்தால் ஆறு வரி, அடுத்து வரும் எண் மில்லிமீட்டரில் நீளம். எனக்குப் போட்டது 30 மில்லிமீட்டர் அதிகம். பிறகு “புது” டென்ஷனரை டீசல் நனைத்த பஞ்சால் ஒரு துடை துடைத்தார். சில்வர் பெயின்ட் பஞ்சோடு வந்தது. அடியில் துரு. புல்லியைச் சுற்றினால் பேரிங் கரகரவென்றது. “இது உங்கள் பழைய டென்ஷனர்தான் தம்பி” என்றார்.

ஸ்பிரிங் செத்துவிட்டதென்று எனக்குப் பாடம் நடத்தியவரே அதே ஸ்பிரிங்கைப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பைபாஸ் பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். “டென்ஷன் ஆகாதீர்கள் அண்ணே” என்றார். டென்ஷனரை மாற்றாதவர் சொல்கிற பேச்சு! வண்டியை அங்கே கொண்டுவந்தால் பார்க்கலாமாம். எதில் கொண்டுபோவது, தலையில் வைத்தா? அடுத்த முறை, ஓவர்லோடு ஏற்றினால் பெல்ட் அறுந்துதான் போகும் என்றார். தக்காளியின் எடை பெல்ட்டுக்கு எப்படித் தெரியுமோ! மூன்றாவது முறை ஒரு பையன் எடுத்து, முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றான். அதன்பிறகு மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

11,400 ரூபாய். வேறு வண்டிக்கு மாற்றியதில் நசுங்கிய தக்காளியும் போன வாடகையும் தனிக் கணக்கு.

பெல்ட் மாற்றுவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. மாற்றும்போது வண்டிப் பக்கத்திலேயே நில்லுங்கள், டீ வேண்டாம். கழற்றியதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் புகார் கொடுக்கப்போகிறேன், ஆனால் என்னிடம் இருப்பது கடைப்பெயர்கூட இல்லாத வெள்ளைத்தாள்.

பெரியவர் புது டென்ஷனரை மாட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்திலேயே நிற்கப் போகிறேன். பழையது பஞ்சோடு சேர்த்து ஒரு பையில் பத்திரமாக இருக்கிறது. நாளை காலை அந்தக் கண்ணாடி அறை மேசையில் அதைக் கொண்டுபோய் வைக்கிறேன், திருச்செந்தூரிலிருந்து வந்துவிட்டாரா என்று பார்க்கலாம்.