வன்னி லைனில் எது நிற்கும்? பாத் ஆஃப் எக்ஸைல் 2, லாஸ்ட் எபோக், டைட்டன் குவெஸ்ட் 2

தலைப்பில் உள்ள மூன்றும் மொன்ஸ்டர்களை அடித்து, ஐட்டம் சேர்த்து, பாத்திரத்தை வளர்க்கும் கணினி கேம்கள். சண்டையின் சுவை என்று பார்த்தால் இந்த மூன்றில் பாத் ஆஃப் எக்ஸைல் 2க்கு நிகர் இல்லை. ஆனால் கிளிநொச்சி நகரில் ஃபைபர் வைத்திருப்பவருக்கும் ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ 4ஜி ரவுட்டரை நம்பி இருப்பவருக்கும் அது ஒரே கேம் அல்ல. ஆகவே கிராபிக்ஸ், கதை, பாத்திர வகுப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: லைனோ கரண்டோ போகிற நொடியில் இந்தக் கேம் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும்? வாங்குவதா விடுவதா என்பதை அந்தப் பதில்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றின் நிலையையும் முதலில் பிரித்துப் பார்ப்போம். பாத் ஆஃப் எக்ஸைல் 2, 2024 டிசம்பர் 6ஆம் திகதி ‘ஏர்லி அக்சஸ்’ ஆக, அதாவது செய்து முடிக்குமுன்பே காசுக்கு ஆட விடும் வடிவில், திறக்கப்பட்டது. உள்ளே போக 30 டொலர். முழு வெளியீட்டில் இலவசம் என்பது நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் சொல்லியிருப்பது. திறந்தபோது கதையின் ஆறில் மூன்று அங்கங்கள்தான் இருந்தன. அவற்றையே ‘குரூவல்’ என்ற கடினநிலையில் திரும்ப ஆட வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 29இல் வந்த 0.3 பதிப்பு நான்காம் அங்கத்தைச் சேர்த்து, அந்தச் சலிப்பான திரும்பலை எடுத்துவிட்டது. டைட்டன் குவெஸ்ட் 2, 2025 ஆகஸ்ட் 1இல் இதே வழியில் வந்தது. கிரேக்கப் புராண உலகம், தனியாளாக ஆடும் வடிவில் முதல் பகுதி மட்டும். லாஸ்ட் எபோக் 2019 முதல் ஏறக்குறைய ஐந்து வருடம் ஏர்லி அக்சஸில் கிடந்து, 2024 பெப்ரவரி 21இல் 1.0, அதாவது முழு வெளியீடு, ஆனது. பீட்டாவின் வலிகளைக் கடந்து வந்த கேம் என்பதால் மற்ற இரண்டையும் அளக்க அது நல்ல அளவுகோல்.

‘பீட்டா’ (சோதனைப் பதிப்பு) என்ற சொல்லை நம்பி ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். டியாப்லோ 4 இன் 2023 மார்ச் பீட்டா ஒரு வார இறுதி விளம்பர வாசல். லெவல் 25உடன் நிறுத்தி, ஆடிய பாத்திரங்களை வெளியீட்டுக்கு முன் அழித்துவிட்டார்கள். ஏர்லி அக்சஸ் அப்படி அல்ல. பாத் ஆஃப் எக்ஸைல் 2இல் சில மாதம் ஓடும் பருவமான ஒரு லீக் முடிந்தால் உங்கள் பாத்திரம் நிரந்தரமான ஸ்டாண்டர்ட் லீக்குக்குப் போய் அங்கே இருக்கும். ஆனால் பலம் நிலைக்காது. இன்று மேப்பை (கதை முடிந்த பின் ஆடும் களத்தை) துடைத்தெறியும் ஒரு ஸ்கில் அடுத்த பெரிய பதிப்பில் பாதியாகலாம்.

இறக்கம்

பாத் ஆஃப் எக்ஸைல் 2 கேட்பது 100 ஜிபி இடம். இறக்கும் அளவு அதைவிடக் குறைவாக இருந்தாலும் கணக்கை 100க்கே போடுங்கள். 10 எம்பிபிஎஸ் லைன் நிற்காமல் ஓடினாலும் 22 மணி நேரத்துக்கு மேல். 20 எம்பிபிஎஸ் என்றால் 11 மணி நேரம். பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் பல ஜிபி மறுபடியும் வரும். அதைப் பிரித்துச் சேர்க்க, கேம்களை வாங்கி இறக்கும் தளமான ஸ்டீமுக்கு டிஸ்கில் கூடுதல் வெற்றிடமும் தேவை. 120 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸையும் இதையும் வைத்து ஓட்ட முடியாது. லாஸ்ட் எபோக் இதன் ஒரு சிறு பங்கு இடத்தில் அடங்கிவிடும்.

பல டேட்டா பொதிகளில் இரவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் தானியங்கி அப்டேட்டை அந்த நேரத்துக்கு மட்டும் பூட்டி வையுங்கள்; பகல் டேட்டா கரையாது. ஊரில் ஒருவர் இறக்கிவிட்டால் மற்றவர்கள் திரும்ப இறக்கத் தேவையில்லை. ஒரே ரவுட்டரில் இரண்டு கணினியையும் இணைத்தால், உள்ளூர் வலையமைப்பு வழியாகவே ஸ்டீம் கோப்புகளை மாற்றித் தரும். அல்லது ‘ஸ்டீம்ஆப்ஸ்’ இன் ‘கொமன்’ உறைக்குள் இருக்கும் கேம் உறையை வெளி ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டு, ஸ்டீமில் ‘இன்ஸ்டால்’ அழுத்தினால், இருப்பதைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கும். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு ஹார்ட் டிஸ்க், பல வீட்டு லைன்களை விட வேகமானது.

பிங் பற்றிய உண்மை

பிங் என்பது உங்கள் கட்டளை கேமின் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம். நமக்குப் பொருத்தமான கேட்வே, அதாவது சர்வர் இடம், சிங்கப்பூர். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர 27 மில்லிநொடி. என்ன பொதி வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. கடல் கேபிளின் வளைவும் வன்னியிலிருந்து கொழும்புவரை உள்ள தூரமும் இதற்கு மேல். 60, 70 என்று நிலையாக நின்றால் போதும். உருண்டு தப்பும் நேரக் கணக்கு கைக்குப் பழகிவிடும். பழகவே முடியாதது பிங்கின் ஏற்ற இறக்கம்: இப்போது 70, அடுத்த நொடி 240, திரும்ப 80. மாலை 7 மணிக்குப் பிறகு ஒரே டவரில் ஊர் முழுவதும் தொங்கும்போது 4ஜியில் நடப்பது இதுதான்.

பாத் ஆஃப் எக்ஸைல் 2இல் எஃப்1 அழுத்தினால் லேட்டன்சி, அதாவது பிங், கோடு திரையில் வரும். கோடு மட்டமாக இருக்கிறதா, முள்முள்ளாக நிற்கிறதா என்று பாருங்கள். முள்ளாக இருந்தால் முதலில் வை-பையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். பிறகு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (அதன் தெளிவு) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது -100 டிபிஎம்மை விடச் சிறப்பாக, அதாவது -90, -85 என்று பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். இரண்டாவது 10க்கு மேல். ரவுட்டரை டவர் இருக்கும் பக்க யன்னலுக்கு நகர்த்தும்போது இந்த எண்கள் மாறுவது கண்முன்னே தெரியும். தகரக் கூரைக்குக் கீழே, வீட்டின் நடுவில் வைத்தால் எந்தக் கேமும் சரிவராது. சிக்னல் நன்றாக இருந்தும் மாலையில் மட்டும் முள் வந்தால் அது டவரின் நெரிசல். அதற்கு மருந்து விடிகாலையில் ஆடுவதுதான்.

லாஸ்ட் எபோக்கில் ஓஃப்லைன் என்று தேர்ந்தால் இந்தப் பகுதி முழுவதும் உங்களுக்குத் தேவையில்லை. டைட்டன் குவெஸ்ட் 2இல் தனியாக ஆடும்போதும் அப்படியே.

லைன் போனால்

பாத் ஆஃப் எக்ஸைல் 2 எப்போதும் ஒன்லைன். தனியாக ஆடும்போது எஸ்கேப் அழுத்தினால் உண்மையாகவே நிற்கும். ஒன்லைன் கேமில் இது அரிய வசதி. ஆனால் லைன் அறுந்தால் அந்த நிறுத்தம் சர்வருக்குப் போய்ச் சேராது. தொடர்பு போனதைச் சர்வர் உணரும்வரை உங்கள் பாத்திரம் அங்கேயே நிற்கும், அடியும் வாங்கும். கதைப் பகுதியில் இது பெரிய இழப்பு அல்ல, செக்பொயின்டில் எழும்பலாம். கதை முடிந்து மேப்களுக்குப் போன பிறகு ஒவ்வொரு சாவுக்கும் அந்த லெவலுக்குரிய அனுபவத்தில் 10 சதவீதம் போகும். லெவல் 90க்கு மேல் அது சில மாலைகளின் உழைப்பு. தொடக்கத்தில் ஒரு மேப்புக்கு ஒரே உயிர்தான். கடும் எதிர்ப்புக்குப் பிறகுதான் தளர்த்தினார்கள். ஒரே சாவில் அந்த லீக்கை விட்டு வெளியேற்றும் ஹார்ட்கோரை வன்னியிலிருந்து ஆடுவது பற்றிப் பேசவே வேண்டாம். அங்கே உங்களைக் கொல்லப்போவது பொஸ் (பெரிய எதிரி) அல்ல, மின்சார சபை.

லாஸ்ட் எபோக்கில் சாவுக்கு அனுபவம் குறையாது. கதை முடிந்த பின் வரும் மோனோலித்தில் செத்தால் அந்த எக்கோவின், அதாவது அந்தச் சுற்றின், பரிசுதான் ஆபத்தில். ஓஃப்லைனில் உள்ள ஒரே உண்மையான ஆபத்து, கரண்ட் போகும்போது சேமிப்புக் கோப்பு கெடுவது. அதற்கு மாற்று உண்டு: விண்டோஸில் உங்கள் பயனர் உறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் லெவன்த் அவர் கேம்ஸ், லாஸ்ட் எபோக், சேவ்ஸ். இந்த உறையை வாரத்துக்கு ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை முதலில் போட வேண்டும். ஓஃப்லைனில் தொடங்கிய பாத்திரத்தைப் பிறகு ஒன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது. வெளியூர் நண்பருடன் சேர்ந்து ஆடும் எண்ணம் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். ஸ்டீமையும் லைன் இருக்கும்போதே ஒருமுறை உள்நுழைந்து, கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லி, ஓஃப்லைன் நிலையில் சோதித்துவிடுங்கள்.

எந்தக் கேம் ஆனாலும் 650 விஏ யூபிஎஸ் ஒன்று வேண்டும். அது கணினியைச் சில நிமிடம்தான் தாங்கும். ஒழுங்காக வெளியேற அது போதும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக. கணினி ஓடி ரவுட்டர் அணைந்தால் பாத் ஆஃப் எக்ஸைல் 2இல் பெரிய யூபிஎஸ்ஸால் பயன் இல்லை.

கையில் எப்படி இருக்கிறது

பாத் ஆஃப் எக்ஸைல் 2 பழைய பாகத்தின் அவசர ஓட்டத்தை விட்டு, ஒவ்வொரு அடியையும் எடை கூட்டியிருக்கிறது. டபிள்யூஏஎஸ்டி விசைகளால் நடை, ஸ்பேஸ்பாரால் உருளல், பொஸ் கையை ஓங்கும் விதத்தைப் படித்து விலகல். முதல் அங்கத்திலேயே பொஸ்கள் பாடம் நடத்துகின்றன. ஸ்கில்களுக்கான துளைகளை உடுப்பிலிருந்து எடுத்து, ஸ்கில்லைத் தரும் கல்லான ஜெம்முக்கே கொடுத்தது மிகப் பெரிய நன்மை. நல்ல கவசம் கிடைத்தும் துளை பொருந்தாமல் எறிந்த காலம் போய்விட்டது.

பிங் கூடியவர்கள் வகுப்பைக் கவனித்துத் தெரிவுசெய்ய வேண்டும். விட்ச் எடுத்து எலும்புப் படையை எழுப்பினால், நீங்கள் தாமதித்தாலும் படை அடித்துக்கொண்டிருக்கும். வொரியரின் கதாயுதம் மெதுவாக இறங்குவது. இடையில் உருள நினைத்தால் தாமதமும் சேர்ந்து அடி விழும். ஹன்ட்ரஸின் பரி, அதாவது அடி வரும் கணத்தில் தட்டிவிடும் ஸ்கில், 150க்கு மேல் பிங் உள்ளவருக்கு வீண்.

புதியவர்கள் சாவது பெரும்பாலும் ரெசிஸ்டன்ஸ், அதாவது அடியைக் குறைக்கும் எதிர்ப்புச் சதவீதம், போதாமையால். நெருப்பு, குளிர், மின்னல் மூன்றின் உச்சம் 75 சதவீதம். கதையின் ஒவ்வொரு படி முடிவிலும் 10 வீதம் கழித்து, கடைசியில் மொத்தம் 60 கழியும். நேற்றுவரை சரியாக இருந்தவர் அடுத்த அங்கத்தில் திடீரென்று உருகுவது இதனால்தான். லாஸ்ட் எபோக்கிலும் உச்சம் 75தான். அங்கே கழிப்பதற்குப் பதிலாக, பகுதியின் லெவல் ஏற ஏற மொன்ஸ்டர்களின் ஊடுருவல் 75 வரை கூடும். விளைவு ஒன்றே: இரண்டிலும் கதை முடியுமுன் ரெசிஸ்டன்ஸை நிரப்பாமல் அடிபலத்தின் பின்னால் ஓடாதீர்கள்.

ஐட்டம் செய்வதில் லாஸ்ட் எபோக்குக்கே எங்கள் வாக்கு. எஃப் அழுத்தினால் நின்ற இடத்திலேயே உலை திறக்கும். வேண்டிய தன்மை உள்ள தேவையற்ற ஐட்டத்தை ஷாட்டரிங் ரூனால் உடைத்தால் அதன் துண்டுகள் வரும். அவற்றை நல்ல அடிப்படை ஐட்டத்தில் ஏற்றலாம், ஐந்தாம் படிவரை. ஆறும் ஏழும் தரையில் விழுந்தால்தான் உண்டு. ஒவ்வொரு ஏற்றமும் ஃபோர்ஜிங் பொட்டென்ஷியலை, அதாவது ஐட்டத்தில் இன்னும் எவ்வளவு வேலை செய்யலாம் என்ற அளவை, தின்னும். ஹோப் கிளிஃப் போட்டால் 25 சதவீத வாய்ப்பில் தின்னாது. எதை ஏற்றுகிறோம் என்று முன்பே தெரியும். பாத் ஆஃப் எக்ஸைல் 2இல் டிரான்ஸ்மியூட்டேஷன், ஓக்மெண்டேஷன், ரீகல், எக்ஸால்டட் என்று ஓர்புகளை வரிசையாகப் போட்டு ஏற்றினாலும் வருவது பெரும்பாலும் குருட்டு வாய்ப்பு. ஆகவே பலர் செய்வதை விட்டு மற்ற ஆட்டக்காரரிடம் வாங்கப் போகிறார்கள். சந்தை விளையாட்டு பிடிக்காதவருக்கு அது பாரம். லாஸ்ட் எபோக்கின் ஓஃப்லைனில் சந்தையே இல்லை. பதிலாக சேர்க்கிள் ஆஃப் போர்ச்சூன் அணியில் சேர்ந்தால் நல்ல ஐட்டங்கள் கூடுதலாக விழும்.

டைட்டன் குவெஸ்ட் 2 பற்றிச் சுருக்கமாக: உலகம் கையால் வடிவமைத்தது, அழகானது, இரண்டு துறைகளைக் கலந்து வகுப்பை உருவாக்கும் பழைய முறை இன்னும் இனிக்கிறது. ஆனால் அன்ரியல் 5 இயந்திரம் பழைய வீடியோ காட்டைப் பிழிகிறது, உள்ளடக்கம் தவணையில் வருகிறது. அவசரம் இல்லாதவர்கள் பொறுக்கலாம்.

கணினியும் காசும்

பாத் ஆஃப் எக்ஸைல் 2க்கு 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 960 தரத்துக் காட் ஆகக் குறைந்தது என்கிறார்கள். எழுதியது சரி, ஆனால் ஹார்ட் டிஸ்கில் வைத்தால் ஒவ்வொரு கதவிலும் காத்திருக்க வேண்டும், எஸ்எஸ்டி அவசியம். லைட்டிங்கில் குளோபல் இலுமினேஷனை எடுத்து நிழலை மட்டும் விடுங்கள், டைனமிக் ரெசொலூஷனைப் போடுங்கள், எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை) 60இல் கட்டுங்கள். சித்திரை வெயிலில் லப்டொப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைப்பதைக் கடைசி அமைப்பு தடுக்கும். திரை உறைந்தால் கிராபிக்ஸ் அமைப்பில் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். தொடக்க மாதங்களில் விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் லோடிங் திரையிலேயே கணினி முழுவதும் உறைந்தது. எஞ்சின் மல்டித்ரெடிங்கை நிறுத்துவது அப்போது பலருக்கு உதவியது.

டொலரை 300 ரூபா என்று வைத்தால் 30 டொலர் 9,000 ரூபா. பின்னால் இலவசமாகப் போகும் கேமுக்கு அதைக் கொடுக்குமுன், புதிய பதிப்பு வரும் வார இறுதிகளைக் கவனியுங்கள், 0.3 வந்தபோது சில நாள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தார்கள். உங்கள் லைன் தாங்குமா என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் இறக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். மற்ற இரண்டையும் ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம்.

நகரில் ஃபைபர், நல்ல காட், பொறுமை மூன்றும் உள்ளவர் பாத் ஆஃப் எக்ஸைல் 2 எடுக்கலாம். அதற்கு வெளியே எல்லோரும் லாஸ்ட் எபோக்கை ஓஃப்லைனில் தொடங்குங்கள். காட் இல்லாத பழைய லப்டொப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மூன்றும் வேண்டாம். 2016இல் வந்த, இதே வகைக் கேமான கிரிம் டோன் போதும். அதில் லேன் வழி சேர்ந்து ஆடும் தெரிவும் இருப்பதால், ஒரு ரவுட்டரில் இரண்டு கணினியை இணைத்து டேட்டா செலவே இல்லாமல் அண்ணனும் தம்பியும் ஒரே களத்தில் இறங்கலாம்.