குரலைத் தனியாகக் கொடுக்கும் தளம்: சிசிமிக்ஸ்டர்

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் பெரியப்பா பம்பை அடித்ததைப் பதிவு பண்ணி வைத்திருந்தேன், அதற்கு மேல் ஒரு குரல் வேண்டும், பாட ஆளில்லை. இதற்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் நாங்கள் காசு கொடுத்துப் பதிவு பண்ணிய எங்கள் பாட்டையே குரல் வேறு, கருவி வேறு என்று தனித்தனி ட்ராக்காகத் தரமாட்டேன் என்று சொல்லி ஒரே எம்பி3 கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் சிசிமிக்ஸ்டர் எனக்கு இவ்வளவு பிடித்தது.

படைப்புகளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதி தரும் உரிமங்களை உருவாக்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2004-இல் தொடங்கிய தளம். பாடுகிறவர்கள் குரலை மட்டும், வாசிக்கிறவர்கள் கிடாரையோ டிரம்ஸையோ மட்டும் ஏற்றி வைக்கிறார்கள், எடுத்து நம் இசையோடு சேர்த்து ரீமிக்ஸ் பண்ண அனுமதியும் கூடவே இருக்கிறது, காசு கிடையாது. 2008-இல் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு ஒரு பாட்டை ஐந்து ட்ராக்காகப் பிரித்து ரசிகர்களுக்குக் கொடுத்தது, ஆனால் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

நான் எடுத்தது ஒரு பெண் குரல். ஹெட்போனில் கேட்டால் வரிக்கு வரி அவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்கிறது, முழுப் பாட்டில் இதெல்லாம் இசைக்குள் மறைந்துவிடும். அந்த மூச்சு விடும் இடத்தில்தான் பம்பையின் உருட்டை வைத்தேன், அப்படியே உட்கார்ந்தது. ஆனால் பெரியப்பா சாமி வர வர வேகம் கூட்டுவார், குரலோ கடைசிவரை ஒரே டெம்போ, அதனால் பம்பையை நாலு நாலு அடியாக வெட்டி ஒட்டுவதற்குள் இரண்டு ராத்திரி போய்விட்டது.

ஒன்று மட்டும் கவனியுங்கள், உரிமம் ட்ராக்குக்கு ட்ராக் மாறும். சிலவற்றுக்குப் பெயர் போட்டால் போதும், சிலவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கல்யாண வீடியோ எடுத்துச் சம்பாதிக்கிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

யார் குரலை யார் எடுத்தார், அதிலிருந்து அடுத்து யார் என்ன செய்தார் என்று ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் வரிசையாகக் காட்டுகிறது பாருங்கள், எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பெரிது. பம்பையை மட்டும் தனி ட்ராக்காக ஏற்றலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"எம் பேர போடுவாங்களாடா?"

"போடுவாங்க பெரியப்பா."

"அப்ப ஏத்து."

அன்றைக்கே ஏற்றிவிட்டேன்.