குடும்பப் படங்களுக்கு மலிவான கமரா: வன்னி வீட்டு வெளிச்சத்தில் ஓர் ஒப்பீடு

2009 வரையான இடப்பெயர்வுகளில் கலியாண அல்பம் முதல் பிள்ளைகளின் பாடசாலைப் படம் வரை எல்லாவற்றையும் கைவிட்டு வந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். ஆகவே, இங்கே ஒரு குடும்பம் கமரா வாங்க நினைப்பதை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை. ஆனால் 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறிவிட்டதால், எதை வாங்குவது என்பதை நிதானமாக ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கடைகளில் மெகாபிக்சலும் ஸூமும்தான் முதலில் சொல்லப்படும். நமது தேவைக்கு இரண்டும் பெரிய விடயங்கள் அல்ல. 4க்கு 6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 2 மெகாபிக்சலும், ஏ4 அளவுக்கு 9 மெகாபிக்சலும் போதும். உண்மையான சோதனை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரேயொரு மின்குமிழ் எரிகிறது. பிள்ளையின் தலையை வெள்ளைத் துணியால் மூடிக் கொழுக்கட்டையைக் கொட்டுகிறார்கள். துணியை எடுத்ததும் பிள்ளை தட்டிலிருக்கும் பேனையையோ நகையையோ எட்டிப் பிடிப்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் கையும் முகமும் கலங்காமல் பதிவாகுமா என்பதை வைத்தே நான் ஒவ்வொரு கமராவையும் மதிப்பிடுகிறேன்.

கனன் இக்ஸஸ் 185, சோனி டபிள்யூ830 போன்ற சிறிய கமராக்கள் இந்தச் சோதனையில் தேறமாட்டா. 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஸூம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், உள்ளேயிருக்கும் சென்சரின் (ஒளியைப் படமாக மாற்றும் தகடு) பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. இன்றைய நடுத்தர விலைக் கைத்தொலைபேசிகள் பலவற்றின் பிரதான சென்சர் இதைவிடப் பெரியது. ஸூமுக்காகவும் சற்று வலுவான பிளாஷுக்காகவும் மட்டும் இதற்குக் காசு கொடுப்பது வீண் செலவு. அத்தோடு, வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் குழாயில் நமது செம்மண் புழுதி புகுந்தால் அது இறுகிவிடும். திருத்தும் கூலியோ பெரும்பாலும் கமராவின் விலையை நெருங்கும்.

ஆகவே, தெரிவு லென்ஸை மாற்றக்கூடிய இரண்டு வகைகளுக்கு இடையில்தான்: உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கொண்ட பாவித்த டிஎஸ்எல்ஆர், அந்தக் கண்ணாடி இல்லாத பாவித்த மிரர்லெஸ். டிஎஸ்எல்ஆர்களான நிக்கோன் டி3300, டி3500 ஆகியவற்றின் சென்சர் ஏறத்தாழ 366 சதுர மில்லிமீற்றர். அதாவது மேலே சொன்ன சிறிய கமராவின் சென்சரைப் போல 13 மடங்கு. 2014 இல் வந்த மிரர்லெஸ்ஸான சோனி ஏ6000 இன் சென்சரும் அதே அளவானது. அது எடையில் குறைந்தது, ஓடும் பிள்ளையை வேகமாகக் குவியப்படுத்தக்கூடியது. அப்படியிருந்தும் நான் டிஎஸ்எல்ஆர் பக்கமே நிற்கிறேன். ஒருமுறை மின்னேற்றினால் டி3500 தர அளவீட்டின்படி 1,550 படங்கள் எடுக்கும். ஏ6000 ஏறத்தாழ 360 தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் இரவு முழுவதும் அங்கே நிற்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். லென்ஸைக் கழற்றும்போது ஏ6000 இன் சென்சர் புழுதிக்கு நேரே திறந்திருக்கும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் சட்டரும் (படமெடுக்கும்போது திறந்து மூடும் திரை) அதை மறைத்து நிற்கும்.

டிஎஸ்எல்ஆர் என்று முடிவெடுத்த பின்னரும் கனனா நிக்கோனா என்ற கேள்வி எஞ்சுகிறது. அதை லென்ஸை வைத்தே முடிவு செய்யலாம். எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸின் துவாரம் பெரிதாகும். கமராவோடு கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸை முழு நீட்சிக்குக் கொண்டுபோனால் எஃப்/5.6 க்கு மேல் திறக்காது, எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பிளாஷைக் கூரையில் பட்டுத் தெறிக்கவிடும் வழி ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் பயன்படாது என்பதால், இந்த லென்ஸுக்குச் செலவழிப்பது அவசியம் என்றே சொல்வேன். கனனின் 50 மி.மீ. எஃப்/1.8 மலிவானது, ஆனால் கனன் 1300டி யில் பூட்டும்போது அதன் பார்வை 80 மி.மீ. லென்ஸின் அளவுக்கு ஒடுங்கிவிடும் (மி.மீ. எண் கூடக் கூடப் பார்வை ஒடுங்கும்), வீட்டுத்திட்ட வீடுகளின் சிறிய அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுவதையும் அடக்க முடியாது. நிக்கோனின் 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் அங்கே பொருந்துகிறது. நிக்கோனின் இந்தச் சிறிய உடல்களில் குவிய மோட்டார் இல்லாததால், மோட்டாரைத் தன்னுள்ளே கொண்ட, ஏஎஃப்-எஸ் என்று பொறித்த லென்ஸையே கேட்டு வாங்க வேண்டும். பழைய ஏஎஃப்-டி வகை தானாகக் குவியாது.

1300டி க்கு ஒரு அனுகூலம் உண்டு. அதில் வைஃபை இருப்பதால் கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்கு அன்றிரவே படம் அனுப்பலாம். டி3300 இல் அந்த வசதி இல்லை, டி3500 இலும் புளூடூத் மட்டுமே உண்டு. எனினும் கைத்தொலைபேசியில் செருகும் கார்ட் ரீடர் ஒன்று இக்குறையைத் தீர்த்துவிடும்.

பாவித்த கமராவை வாங்கப் போகும்போது சிறிய டோர்ச் ஒன்றைக் கொண்டுபோங்கள். லென்ஸின் பின்புறமிருந்து ஒளியைப் பாய்ச்சி முன்புறமாகப் பார்க்கும்போது சிலந்தி இழைபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று விடுங்கள். துவாரத்தை எஃப்/16 க்கு ஒடுக்கி வெறும் வானத்தைப் படமெடுத்தால் சென்சரிலுள்ள தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். இது துப்புரவாக்கக்கூடிய குறை, எனவே விலை பேச உதவும். நிக்கோனில் எடுத்த மூலப் படக் கோப்பிலேயே சட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண் பதிந்திருக்கும். டி3500 இன் சட்டர் 100,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால் 30,000 ஐத் தாண்டாத ஒன்றைத் தேடுங்கள். கனனில் அந்த எண்ணைப் படக் கோப்பிலிருந்து பார்க்க முடியாது. காசு போதாவிட்டால் டி3500 ஐ விட்டு டி3300 ஐ எடுத்து, மிச்சத்தை 35 மி.மீ. லென்ஸுக்குக் கொடுங்கள்.