பிரான்சின் பாக்ஸ் பதிவு: நகரசபைச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

பிரான்சில் தற்பால் இணையருக்கு முதன்முதலாகச் சட்ட அங்கீகாரம் தந்தது 1999 நவம்பர் 15ஆம் திகதிச் சட்டம். திருமணம் செய்யாமலே சேர்ந்து வாழ இருவர் செய்துகொள்ளும், பாக்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் குடியியல் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே ஆண் பெண் இணையருக்கும் பொதுவானது. இன்று அதைப் பதிவுசெய்வோரில் மிகப் பெரும்பாலானோர் அவர்கள்தாம். 2013இல் தற்பால் திருமணம் சட்டமான பின்னரும் பாக்ஸுக்கான வரவேற்புக் குறையவில்லை. அண்மையில் என் இணையருடன் அதைப் பதிவுசெய்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முன்பு நீதிமன்றத்தில் செய்யவேண்டியிருந்த பதிவு, 2017 நவம்பர் முதல் வசிக்கும் ஊரின் நகரசபையிலேயே கட்டணமின்றி நடைபெறுகிறது. நொத்தாரிசிடம் சென்றால் பணம் கொடுக்கவேண்டும். சாட்சிகள் வேண்டாம், திருமணத்துக்குப் போல முன்னறிவித்தல் ஒட்டுவதும் கிடையாது. ஒப்பந்தத்தை ஒரே வரியில் எழுதினாலும் செல்லும் என்றாலும் நாங்கள் அரச படிவத்தையே நிரப்பிக் கொண்டுபோனோம். அதிகாரி அதைச் சரிபார்த்து, திகதியிட்டு, முத்திரை குத்தி, மூலப் பத்திரத்தை எங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். நகரசபை அதற்குப் பிரதி வைத்துக்கொள்வதில்லை. தொலைத்துவிட்டு அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை என்பதைப் பலர் அறிவதில்லை.

அலைச்சல் என்பது வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத்தான். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பிரெஞ்சில் பெயர்க்கவேண்டும். வேறு எவருடனும் பாக்ஸ் இல்லை என்ற சான்றை நாந்த் நகரிலுள்ள மத்திய குடிசார் பதிவகத்திலிருந்து பெறவேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர், தம் நாட்டுச் சட்டப்படி தாம் மணமாகாதவர் என்பதையும் காட்டவேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு, அகதி விண்ணப்பங்களைக் கையாளும் அரச அலுவலகமான ஒஃப்ப்ரா தரும் சான்றிதழே போதும் என்பதால், ஊரிலிருந்து பத்திரம் எடுப்பிக்கும் தொல்லை அவர்களுக்கில்லை.

பயன் என்று பார்த்தால், வருமான வரியைச் சேர்த்துக் காட்டலாம். அவரவர் சொத்து அவரவருக்கே இருக்கும். ஒருவர் இறந்தால் மற்றவர் ஓராண்டு அதே வீட்டில் வாடகையின்றி இருக்கலாம். ஆனால் உயில் எழுதாவிட்டால் இறந்தவரின் சொத்தில் மற்றவருக்கு ஒன்றும் சேராது. வாரிசு வரி 2007 முதல் இவர்களுக்கு இல்லை என்று மகிழ்வோர், உயிலில்லாமல் வாரிசே ஆகமுடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். இறந்தவரின் ஓய்வூதியத்தில் பங்கும் கிடையாது; அது மணம் புரிந்தோருக்கு மட்டுமே உரியது. என் பார்வையில் இச்சேவையின் மிகப் பெரிய குறை இதுதான், அதைப் பதிவு மேசையில் எவரும் எடுத்துச் சொல்வதுமில்லை. முழுவதும் தன் கையால் எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்ட உயில் நொத்தாரிசு இல்லாமலும் செல்லும் என்பதால், பாக்ஸ் பதிவுசெய்யும் வாரத்திலேயே இருவரும் அதை எழுதிவிடுவது நல்லது. ஊரில் காணி உள்ளவர்கள் தனியாக ஒரு சட்டத்தரணியைப் பார்க்கவேண்டும், ஏனெனில் இலங்கைச் சட்டத்தில் பாக்ஸுக்கு இடமில்லை.

வதிவிட அனுமதியை எதிர்பார்த்து இதைச் செய்வோரும் நிதானிக்கவேண்டும். இருவரின் உறவுக்கு ஒரு சான்றாக மட்டுமே மாவட்ட நிர்வாகம் பாக்ஸைக் கணக்கில் எடுக்கும். துணைவர் பிரெஞ்சுக்காரர் என்ற அடிப்படையில் 4 ஆண்டுகளின் பின் குடியுரிமை கோரும் வழி மணம் புரிந்தோருக்கே உண்டு. அந்தத் தேவை உள்ளவர்கள் அதே நகரசபையில் திருமணப் பதிவுக்கு விண்ணப்பிப்பதே மேல்.