காலடிப்பேட்டையில் வீடு விலை பேசிய கதை

சித்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்காகத்தான் ஜனவரியில் டொரண்டோவிலிருந்து நான்கு வார விடுப்பில் வந்தேன். வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனால் வீடு வாங்கிய அனுபவம் இங்கே எனக்குக் கிடையாது. கனடாவில் விலையை எழுத்தில் கொடுப்போம். எந்த நேரம் வரை செல்லும், வீட்டைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் உறுதி என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். இங்கே எல்லாம் வாய்ப்பேச்சு. அட்வான்ஸ் கைமாறும்வரை எந்த விலையும் விலை இல்லை.

அதைத் தண்டையார்பேட்டையில் பார்த்த முதல் வீட்டிலேயே தெரிந்துகொண்டேன். அத்தை மகன் போனில் கேட்டபோது 85 லட்சம். நான் நேரில் போய் நின்றதும் 92. புரோக்கர் மாடிப்படியில் நின்று போனில், "வெளிநாட்டுப் பார்ட்டிண்ணே, பதினஞ்சு நாள்ல கிளம்பிடுவாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வருத்தமாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் தேதியைக் கேட்டபோது நான்தான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "பார்த்துக்கலாம், அவசரமில்லை" என்பதுதான் பதில். பேச்சை அத்தை மகனிடமே விட்டுவிட்டேன்.

அப்புறம் அமைந்தது காலடிப்பேட்டை வீடு. 1,080 சதுர அடி மனை, கீழும் மேலுமாகப் பழைய கட்டடம். சொன்ன விலை 98 லட்சம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து இந்தப் பக்கம் எல்லாருமே மெட்ரோவைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். இந்த வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நிஜமாகவே பத்து நிமிட நடை, அதனால் அதற்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

விலை சொல்வதற்கு முன்னால் மூன்று வேலை செய்தோம். முதலாவது, பதிவுத் துறைத் தளத்தில் அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும், வில்லங்கத்தையும், அதாவது அந்த இடத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியலையும், பார்த்தது. இரண்டுக்கும் கட்டணமில்லை, நன்றாகவே வேலை செய்கிறது. அதே சர்வே எண்ணில் பக்கத்து மனைகள் என்ன தொகைக்குப் பதிவாகியிருக்கின்றன என்பதும் வில்லங்கத்தில் வரும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு என்பதால் அதை அப்படியே நம்ப முடியாது. ஆனால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டாவது வக்கீல். 10,000 ரூபாய் வாங்கினார், ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும். இந்தப் பகுதியில் கோயிலுக்குச் சொந்தமான மனையா என்பதைத்தான் முதலில் பார்ப்பாராம், இது இல்லை. ஆனால் எங்களோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் உரிமையாளர் அல்ல என்று காட்டினார். அவருடைய அப்பா உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள். மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும்.

மூன்றாவது இன்ஜினியர். 5,000 ரூபாய். அவர் வேலை செய்ததை நான் மறக்க மாட்டேன். சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் கூரையை முழ அளவுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். சமையலறையில் கெட்டியாக "டொக்" என்றது, பின் அறைக்குப் போனதும் பானையைத் தட்டியதுபோல ஒலித்தது. அந்த இடத்தில் லேசாகக் கொத்தியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதி, ஏடு ஏடாக உரிந்தது. "கடல் காத்து சார். வெள்ளை அடிச்சு மறைச்சிருக்காங்க" என்றார். சரிசெய்ய 6 லட்சம் ஆகும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போர் தண்ணீர் உப்பு, மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறது. 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். வாசலில் இரண்டாவது படியைக் காட்டினார்.

இப்போது எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது. மனை சதுர அடி 7,000 வீதம் 75.6 லட்சம், கட்டடத்துக்கு 12, பழுதுக்கு 6 கழித்தால் 81.6. நாங்கள் 80 என்று தொடங்கினோம். பெரியவர் முகம் சுருங்கியது. இன்ஜினியரின் தாளைக் காட்டியபோது நீண்ட நேரம் படித்தார். பிறகு, "சரி தம்பி, தொண்ணூறு. ஆனா முப்பதை ரொக்கமா கொடுத்துடுங்க" என்றார்.

அங்கேதான் பேச்சு நின்றது. என் பணம் எல்லாம் வங்கி வழியாக வந்தது, வங்கி வழியாகத்தான் போகும். வீட்டை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் உண்டு. அது விழுவதும் பணத்தைப் பெற்றவர் தலையில்தான். பெரியவருக்கு இருந்த பயம் வருமான வரி. மீஞ்சூர் பக்கம் வேறு வீடு வாங்கப் போகிறேன் என்றார். அப்படி லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கு உண்டு என்பதை அவருடைய ஆடிட்டரிடமே கேட்கச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து ரொக்கப் பேச்சை விட்டுவிட்டார்.

விலை இறங்கியதோ சின்னத் தங்கையால். தங்கைகளையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். "நான் சொன்னா கையெழுத்து போடுவாங்க" என்று பெரியவர் தட்டிக்கழித்தார், ஆனால் வந்தார்கள். சின்னவர் அதிகம் பேசவில்லை. பதிவு அன்றே மூன்று பேருக்கும் தனித்தனி டிமாண்ட் டிராஃப்ட், ஆளுக்குச் சமமாக என்று அத்தை மகன் சொன்னதும் நிமிர்ந்து, "நிஜமாவா? அன்னைக்கே என் பேர்லயா?" என்று கேட்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அண்ணா, இவங்களுக்கே முடிச்சிடுங்க" என்றார். 86க்கு முடிந்தது.

முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 7.74 லட்சம். இதை முதலிலேயே கையில் ஒதுக்கி வையுங்கள், பலர் விலையை மட்டுமே எண்ணி வருகிறார்கள். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால், விற்பவர்களுக்குத் தரும் தொகையிலிருந்து 1 சதவீத வருமான வரியையும் (டிடிஎஸ்) பிடித்து, மூன்று பேர் பெயரிலும் தனித்தனியாகக் கட்டினோம். புரோக்கர் 2 சதவீதம் கேட்டார், 1 கொடுத்தோம்.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் சின்னத் தங்கை என்னிடம், பின் அறை ஜன்னல் ஓரம் அப்பா வைத்த முருங்கை இருக்கிறது, வெட்டிவிடாதீர்கள் என்றார். அம்மாவிடம் சொன்னேன். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கீரைதான்.