ஆன்லைன் கேஸா, ஊர்க் கடைப் பெட்டியா? 9 எம்எம் தோட்டா வாங்குவதில் என் கணக்கு

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஆன்லைன்ல 9 எம்எம் ஒரு கேஸ், அதாவது ஆயிரம் தோட்டா, 225 டாலர். நீங்க போற கடைல அதே ஆயிரம் 300 டாலர் ஆகுது. எதுக்கு அங்க போய் வாங்கறீங்க?"

கிரீன் கார்டு வந்த கையோடு அவர் முதல் பிஸ்டலை வாங்கியிருந்தார். நியாயமான கேள்விதான். 2018 முதல் 2020 வரை நானும் ஆன்லைனில்தான் வாங்கினேன். அப்புறம் ஊரில் இருக்கும் சின்னத் துப்பாக்கிக் கடைக்கு மாறினேன். ஏன் மாறினேன் என்பதைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன். முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே அரை மணி நேரத் தொலைவில். மாதம் இரண்டு சனிக்கிழமை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, போவேன். ஒரு தடவைக்கு ஒரு பெட்டி, அதாவது ஐம்பது தோட்டா. ஆண்டுக்கு 1,200. போட்டிகளுக்குப் போய் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் சுடுபவர்களுக்கு என் கணக்கு ஒத்துவராது. அவர்கள் மொத்தமாக வாங்குவதுதான் சரி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஆன்லைனில் வகைகள் அதிகம், விலை குறைவு, வீட்டு வாசலுக்கே வரும். தபாலில் தோட்டா விற்க 1968-ல் தடை வந்தது. 1986-ல் அது நீங்கியதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அரசுத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ் தோட்டாவை எடுக்காது, தனியார் கூரியர்தான். விலைக்குள் ஒளிந்திருக்கும் 11 சதவீத மத்திய வரி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி தயாரிப்பாளரிடமே வசூலித்து, வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். வால்மார்ட் இந்தப் பேச்சில் இல்லை. டெக்சாஸ் எல் பாசோவில் அவர்கள் கடையிலேயே நடந்த படுகொலைக்குப் பிறகு, 2019 செப்டம்பரில், கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்து நிறுத்திவிட்டார்கள். பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் விலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அங்கே அவசரத்துக்கு இரண்டு மூன்று முறை வாங்கியிருக்கிறேன், குறையும் இல்லை, நிறைவும் இல்லை.

இனி கணக்கு. ஆன்லைனில் 225 டாலர் என்பது பக்கத்தில் தெரியும் விலை. அனுப்பும் செலவு 19 டாலர். எங்கள் ஊர் விற்பனை வரி 8.25 சதவீதம், அது அனுப்பும் செலவுக்கும் சேர்த்து. கூட்டினால் 264 டாலர். தோட்டா ஒன்றுக்கு 26.4 சென்ட். கடையில் ஒரு பெட்டி 14.99. பத்துப் பெட்டி சேர்த்து எடுத்தால் பெட்டிக்கு ஒரு டாலர் குறைப்பார். வரியோடு தோட்டா ஒன்றுக்கு 30.3 சென்ட். இடையில் இருப்பது நாலு சென்ட்கூட இல்லை. என் 1,200 தோட்டாவுக்கு ஆண்டுக்கு 47 டாலருக்குள் அடங்கிவிடுகிறது. இந்தப் பக்கம் நாலு பேர் மசால் தோசை சாப்பிட்டால் ஆகும் காசு. நண்பர் ஆயிரத்துக்குச் சொன்ன 75 டாலர் வித்தியாசம் 39 ஆகச் சுருங்கியது எங்கே என்று கேட்டால், அனுப்பும் செலவும் பத்துப் பெட்டிச் சலுகையும்தான். இரண்டுமே ஆன்லைன் பக்கத்தின் விலைப்பட்டியலில் தெரியாது.

சரி, 47 டாலர் என்றாலும் அது என் காசு. அதை ஏன் கொடுக்க வேண்டும்? என்னைப் பொறுத்தவரை ஒரே காரணம், தட்டுப்பாடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த நாட்டில் தோட்டா விலை நேர்கோட்டில் போவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்காமல் போகும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பின், புதுச் சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள். பாயின்ட் 22 என்ற சாதாரண சின்னத் தோட்டாவுக்கே மூன்று நான்கு ஆண்டு அலைந்தார்கள் என்று ரேஞ்சில் பெரியவர்கள் சொல்வார்கள். நான் நேரில் பார்த்தது 2020. பெருந்தொற்று, தெருப் போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில். துப்பாக்கிக்கான எஃப்பிஐ பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.84 கோடி. 2020-ல் 3.97 கோடி. அத்தனையும் விற்பனை அல்ல, ஆனாலும் கூட்டம் புரியும். அந்த ஆண்டு ஜூலையில் துப்பாக்கி, தோட்டா செய்யும் ரெமிங்டன் நிறுவனம் திவாலாகி, ஆர்கன்சாவில் லோனோக் ஊரில் இருந்த அதன் தோட்டா ஆலை பின்னர் கைமாறியது. இன்னொன்று, தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர். ஊசி அடித்ததும் தீப்பொறி தருவது அதுதான். அதைப் பெரிய அளவில் செய்பவர்கள் அமெரிக்காவில் ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தேவை இரண்டு மடங்கானால் அடுத்த மாதமே இரண்டு மடங்கு செய்ய அவர்களால் முடியாது. 2021 ஆகஸ்டில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தார்கள். இரும்புக் கூடு கொண்ட மலிவான தோட்டா கிடைத்த வழியும் அடைபட ஆரம்பித்தது.

2019-ல் நான் 18, 20 சென்ட்டுக்கு வாங்கிய 9 எம்எம், 2021 தொடக்கத்தில் ஆன்லைனில் 70, 80 சென்ட். ஒரு பெரிய ஆன்லைன் கடையில் 2020 செப்டம்பரில் ஒரு கேஸ் பழைய விலைக்கே கிடைத்தது என்று பணம் கட்டினேன். ஐந்து வாரம் கழித்து, இருப்பு இல்லை என்று ரத்து செய்தார்கள். பணம் திரும்ப வந்தது. ஆனால் அன்றைக்கு அதே பக்கத்தில் அதே தோட்டா இரண்டரை மடங்கு விலையில் இருந்தது.

அந்த வாரம்தான் முதன்முதலாக ஊர்க் கடைக்குள் நுழைந்தேன். துப்பாக்கி துடைக்கும் ஹாப்பிஸ் நம்பர் 9 கரைசலின் வாசனை, கல்லாவுக்குப் பின்னால் முக்கால்வாசி காலியான அலமாரி, அட்டையில் மார்க்கரால் எழுதியது: ஒருவருக்கு இரண்டு பெட்டி. கடைக்காரர் எழுபதை நெருங்குபவர். எனக்கு முன்னால் நின்றவர் நூறு டாலர் கட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, இருப்பதை எல்லாம் கேட்டார். நாற்பது பெட்டி இருந்திருக்கும். கடைக்காரர் பணத்தைத் தொடவே இல்லை. இரண்டு பெட்டியை எடுத்து அந்தக் கட்டின் பக்கத்தில் வைத்தார். வந்தவர் கோபமாகப் போய்விட்டார். அடுத்து நான். என்னை அவருக்குத் தெரியாது. எனக்கும் அதே இரண்டு பெட்டி, பெட்டி 24.99. தோட்டா ஒன்றுக்கு ஐம்பது சென்ட்.

பின்னால் பழகிய பிறகு கேட்டேன், ஏன் கூட விற்கவில்லை என்று. "வாங்கின விலை மேல் எப்போதும் வைக்கிற லாபத்தைத்தான் வைத்தேன். இந்தக் கூட்டம் போய்விடும். நீ அடுத்த வருஷமும் வர வேண்டும் இல்லையா?" என்றார்.

2020 நவம்பரிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை பத்து மாதம், மாதம் இரண்டு பெட்டி, அதே கணக்கில் வாங்கினேன். ஆன்லைன் விலையை 70 சென்ட் என்று குறைவாகவே வைத்தாலும், தோட்டாவுக்கு 20 சென்ட் மிச்சம். மாதம் 20 டாலர், பத்து மாதத்துக்கு 200. இன்று ஆண்டுக்கு 47 டாலர் கூடக் கொடுக்கிறேன் என்றால், நாலு ஆண்டுக்கும் மேலாகக் கொடுக்க வேண்டியதை அந்தப் பத்து மாதமே எனக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது அந்தக் கடை திறந்திருக்க வேண்டும். நல்ல காலத்தில் நாம் வாங்கினால்தான் அது திறந்திருக்கும்.

நல்ல காலத்தில் அவருக்குத் தோட்டாவில் பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை. சில நாள் ஆன்லைன் சில்லறை விலைதான் தன்னுடைய மொத்த விலை என்று பில்லை எடுத்துக் காட்டியிருக்கிறார். லாரி லாரியாக வாங்குபவனுக்குக் கிடைக்கும் விலை, மாதம் சில கேஸ் வாங்குபவருக்குக் கிடைக்காது. பழைய துப்பாக்கி வாங்கி விற்பது, பழுது பார்ப்பது, ஆன்லைனில் வாங்கிய துப்பாக்கியைச் சட்டப்படி கைமாற்றிக் கொடுப்பது, இவற்றில்தான் வாடகை வருகிறது. தோட்டா வாங்க வருபவர்கள் நின்றுபோனால் அந்த வேலைகளும் குறையும்.

எல்லாச் சின்னக் கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அதே 2021-ல் பக்கத்து ஊரில் இன்னொரு சின்னக் கடை தோட்டாவுக்கு ஒரு டாலர் கேட்டது. தட்டுப்பாட்டில் உங்கள் ஊர்க் கடை எப்படி நடந்தது என்று ரேஞ்சில் இருக்கும் பழைய ஆட்களிடம் விசாரித்துவிட்டுக் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு சம்பவம். 2023-ல் ஒரு தள்ளுபடியைப் பார்த்து ஒரே ஒரு முறை ஆன்லைனில் கேஸ் வாங்கினேன். பன்னிரண்டு கிலோ பார்சல், ஒரு மூலை கிழிந்து வாசலில் கிடந்தது. தூக்கினால் உள்ளே தோட்டாக்கள் கூழாங்கல் போல உருண்டன. சிலவற்றில் குண்டு கூட்டுக்குள் லேசாக அமுங்கியிருந்தது போலத் தெரிந்தது. விற்றவர்களுக்குப் படம் அனுப்பினேன். தோட்டாவைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பாதுகாப்புக் காரணம்தான், பெரும்பாலான கடைகளில் அதுதான் விதி, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கையில் இருப்பதை என்ன செய்வது?

டப்பாவில் போட்டு ஊர்க் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் கடையில் வாங்கியது இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். கல்லா மேல் ஒரு துணியை விரித்தார். நீளம் அளக்கும் காலிப்பரை எடுத்து, அதே கேஸில் உடையாத பெட்டியிலிருந்து நாலு தோட்டாவை முதலில் அளந்து வைத்துக்கொண்டார். அப்புறம் சிதறியதை ஒவ்வொன்றாக அளந்தார். குண்டு உள்ளே அமுங்கினால் கூட்டுக்குள் இடம் குறையும், சுடும்போது அழுத்தம் ஏறும், துப்பாக்கியே வெடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே பதினேழு தோட்டாக்களைத் தனியாக ஒதுக்கினார். நாற்பது நிமிடம் ஆனது. காசு வாங்கவில்லை. சத்தம் 'டப்' என்று மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதே, குழலுக்குள் குண்டு நிற்கிறதா என்று முதலில் பார் என்று சொல்லிக் கொடுத்ததும் அன்றைக்குத்தான்.

ஆன்லைனே சரியாக வரும் இடங்களும் உண்டு. அபூர்வமான அளவுத் துப்பாக்கி வைத்திருந்தால் ஊர்க் கடையில் தோட்டா இருக்காது. பக்கத்தில் கடையே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் அதுதான் வழி. ஷாட்கன் தோட்டா நான் மொத்தம் இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறேன், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 2019 ஜூலையில் தோட்டாவுக்கும் பின்னணிச் சோதனை வந்தது, 2024 ஜூலையிலிருந்து மாநிலம் தனியாக 11 சதவீத வரி போடுகிறது.

நம் ஆட்களுக்கு முக்கியமாக ஒன்று. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நான் வாங்கிய ஆன்லைன் கடைகள் வயதைத்தான் கேட்டன, விசாவைப் பற்றி எச்சரிக்கவில்லை. என் கடைக்காரர், நண்பரை அழைத்துப் போன அன்றே இதைக் கேட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நண்பர் கேஸ் வாங்கவில்லை. புதுப் பிஸ்டல், எந்தத் தோட்டாவில் சிக்காமல் ஓடும் என்று இன்னும் தெரியாது. மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி எடுத்துக்கொள், எது ஒத்துவருகிறது என்று வந்து சொல், அதில் பத்துப் பெட்டி எடுத்து வைக்கிறேன் என்றார் கடைக்காரர். ஃபெடரல், ஸ்பியர், ரெமிங்டன் என்ற தோட்டா பிராண்டுகள் மூன்றும் 2024 நவம்பரிலிருந்து ஒரே செக் நாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பதையும் சொல்லி, எடுக்கும் மூன்று பெட்டியில் ஒன்று வின்செஸ்டராக இருக்கட்டும் என்றார். நண்பர் மூன்று பெட்டிக்கும் 48.68 டாலர் கொடுத்துவிட்டு, ரேஞ்ச் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார்.