மதுரையிலிருந்து முதல் மலைப் பயணம்: கொடைக்கானலா, மூணாறா?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, எங்கேயாவது குளிர்ச்சியாகப் போய்விட்டு வரலாமே. இதுவரை மலையே ஏறாத குடும்பம் என்றால் பேச்சு கடைசியில் இரண்டு ஊரில் வந்து நிற்கும். ஒன்று கொடைக்கானல், சுமார் 120 கிலோமீட்டர். இன்னொன்று மூணாறு, சுமார் 155 கிலோமீட்டர். ரெண்டும் மலைதானே என்று ரூம் வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் நிறைய. நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். கொடைக்கானலில் இறங்கி நடக்கலாம். மூணாறில் பெரும்பாலும் வண்டியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து முதல் தடவை போகிறார்கள் என்றால், யோசிக்காமல் கொடைக்கானலைத்தான் சொல்வேன்.

முதலில் பாதை. கொடைக்கு ஆரப்பாளையத்திலிருந்து நேர் பஸ் உண்டு. நாலு மணி நேரம் ஆகும். வத்தலகுண்டு தாண்டி காமக்காபட்டி செக்போஸ்ட் வந்ததும் ஏற்றம் தொடங்கும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. சொந்த வண்டியில் போனால் டம்டம் பாறையில் கட்டாயம் இறங்குங்கள். எதிர் மலையில் மெலிசாக வெள்ளையாய் விழுவது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. கீழே மஞ்சளாறு அணை. மலையைப் பார்க்காத பிள்ளைகளுக்கு முதல் ஆச்சரியம் இங்கேயே கிடைத்துவிடும்.

மூணாறு போகத் தேனி, போடி வழி. மதுரை–போடி அகல ரயில் பாதையில் 2023 ஜூனிலிருந்து ரயில் ஓடுகிறது. ஆனால் போடிக்கு மேலே சாலைதான். முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறியதும் பூப்பாறை சுற்று வட்டாரம் முழுக்க ஏலத் தோட்டம், பெரிய மரங்களின் நிழலில் ரோடே பச்சையாகத் தெரியும். அப்புறம் ஆனையிறங்கல் அணை. அதிலிருந்து தேவிகுளம் கேப் ரோடு வரை, இரண்டு பக்கமும் தேயிலை. நேர்மையாகச் சொன்னால், பாதையின் அழகில் கொடை இதற்குப் பக்கத்தில் வராது. பாதைக்காகவே மூணாறு போகலாம். ஆனால் மலை வளைவே பழகாத வயிற்றுக்கு இது கஷ்டமான பாதை. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள். நகத்தால் தோலைக் கீறி மோந்துகொண்டே வந்தால் பாதித் தொல்லை குறையும். மழைக்காலத்தில் கேப் ரோடு பக்கம் மண் சரிந்து போக்குவரத்து நின்றதும் உண்டு, அதை மறக்க வேண்டாம்.

இப்போது நான் கொடையின் பக்கம் நிற்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். கொடையின் நடுவில் ஏரி, ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி பிரையன்ட் பூங்கா, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோக்கர்ஸ் வாக். மூன்றும் நடை தூரம். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது அந்த ஏரி. மதுரை வனத்துறை அதிகாரி பிரையன்ட் 1908ல் திட்டம் போட்டது அந்தப் பூங்கா. ஊரின் இரண்டு பெரிய அடையாளங்களுக்கும் மதுரையில் வேலை பார்த்தவர்கள்தான் காரணம் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

பூங்கா 20 ஏக்கர் சொச்சம். ரோஜாப் பாத்திகள், செடிகள் வைத்த கண்ணாடி வீடு, பழைய மரங்கள், பெஞ்சுகள். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும். நம்ம ராஜாஜி பூங்காவிலும் எக்கோ பார்க்கிலும் கோடையில் வெயில் தாழ்ந்த பிறகுதான் காலை வைக்க முடியும். இங்கே உச்சிப் பொழுதிலும் புல்லில் துண்டை விரித்து உட்காரலாம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, பத்து நிமிஷத்துக்கு மேல் நடக்க முடியாது. கண்ணாடி வீட்டுப் பக்கம் ஒரு பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகள் வாடகை சைக்கிள் எடுத்து 5 கிலோமீட்டர் ஏரிச் சாலையைச் சுற்றிவிட்டு, "அப்பத்தா, சோளம் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரே இடத்தில் மூன்று தலைமுறைக்கும் வேலை கிடைத்தது. மூணாறில் இது அமைவது கடினம்.

கோக்கர்ஸ் வாக்குக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். 1872ல் போட்ட, ஒரு கிலோமீட்டர் அளவுள்ள நடைபாதை, மலையின் விளிம்பிலேயே போகும். வானம் தெளிவாக இருந்தால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி முழுதும் காலடியில் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. கூட்டம் பிடிக்காதவர்கள் செட்டியார் பூங்காவுக்குப் போகலாம். சின்னது, அமைதியானது, குறிஞ்சி ஆண்டவர் கோயில் போகும் வழியில் இருக்கிறது. கோயில் பக்கமிருந்து பார்த்தால் பழனி தெரியும். நீலக்குறிஞ்சி கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018ல், அடுத்தது 2030ல்தான். அதற்கு முன் யாராவது குறிஞ்சி காட்டுகிறேன் என்றால் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஆங்காங்கே வேறு வகைக் குறிஞ்சி பூப்பதுண்டு, அது வேறு.

பில்லர் ராக், பைன் காடு, மோயர் பாயின்ட் என்று டாக்சிக்காரர்கள் ஒரே சுற்றில் காட்டுவார்கள். அது இரண்டாம் நாளைக்கு. வந்து இறங்கிய அன்றே ஓட்டமும் நடையுமாக எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

மூணாறில் ஹைடல் பூங்கா இருக்கிறது, மாட்டுப்பட்டி போகும் வழியில் பூந்தோட்டமும் இருக்கிறது. ஆனால் அதற்காக யாரும் மூணாறு போவதில்லை. அங்கே உண்மையான பூங்கா இரவிகுளம் தேசியப் பூங்கா; 97 சதுர கிலோமீட்டர். ராஜமலையில் வனத்துறை வண்டியில் ஏறிப்போய், புல் மலைச் சரிவில் கொஞ்ச தூரம் நடக்கலாம். நம் மாநில விலங்கான வரையாட்டை அங்கே பாதையோரத்திலேயே பார்க்க வாய்ப்பு அதிகம். பாறை விளிம்பில் அது நிற்கும் நிதானத்தைப் பார்ப்பதற்கே அந்தச் செலவு தகும். பின்னால் ஆனைமுடி, 2695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம். வரையாடு குட்டி போடும் பருவமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். இது தெரியாமல் போய்க் கேட்டருகே நின்று திரும்பும் குடும்பங்கள் உண்டு.

ராஜமலை ஒரு திசை. மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் இன்னொரு திசை. டாப் ஸ்டேஷன் மட்டுமே மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை குட்டி ரயிலில் அங்கே வந்து, ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியூர் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நம்ம தேனிச் சீமையை மேலிருந்து பார்க்கும் இடம் என்பதால் எனக்கு மூணாறில் மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் இத்தனையும் பார்க்க நாள் முழுக்க வண்டி வேண்டும், குறைந்தது இரண்டு இரவு வேண்டும். ஒரு இரவு மட்டும் தங்க மூணாறு போகாதீர்கள்.

பருவம் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த மாதங்களில் கொடையில் சாரல்தான், சமாளிக்கலாம். அக்டோபர், நவம்பரில் கொடைக்கு வடகிழக்கு மழை. கொடை சுமார் 2100 மீட்டர், மூணாறு 1500க்குச் சற்று மேலே. ஆகவே மே மாதமானாலும் கொடையில் ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

கொடைக்குப் பெரிய குறை மே மாதக் கூட்டம். சனி, ஞாயிறுகளில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்தே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம்; அரசு பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. 2025 கோடையில் வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மூணாறுக்கு வாடகை வண்டி என்றால் கேரள பர்மிட் பற்றி டிரைவரிடம் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள்.

சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் இரண்டு ஊரிலும் சிக்கல் இல்லை. மூணாறு கேரளாவில் இருந்தாலும் தோட்டத்திலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். கொடையில் வாங்க வேண்டியது மலைப்பூண்டு. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூணாறில் தேயிலைத் தூள்.

கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் இரண்டு ஊருமே வேண்டாம். போக வர எட்டு மணி நேரத்தை வண்டியிலேயே கழிப்பீர்கள். திண்டுக்கல் பக்கம் சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காப்பி, மிளகு, பலா, வாழைத் தோட்டங்கள். பூங்கா, கடைத்தெரு என்று எதிர்பார்க்க முடியாது, பெரிய ஹோட்டலும் கிடையாது. புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், இறங்கும்போது சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள், காட்டுமாடு ரோட்டுக்கு வரும் என்பதால் இருட்டும் முன் அடிவாரம் வந்துவிடுங்கள்.